எட்டுத்தூண் வீட்டின் நடுச்சுவர்

என் அத்தை முப்பத்தோரு வருடமாக இந்த ஊரின் பெரிய வீடுகளை அளந்துகொண்டிருக்கிறார். இருநூற்றுப் பதினான்கு வீடுகள். அவற்றில் எத்தனை வீட்டில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்கி ஒரு கையோடு நிறுத்திவிடுவார்.

வேலை நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவில். நூறு வயது தாண்டிய மாளிகைகளை அறை அறையாக அளந்து, பிளான் வரைந்து, எந்தப் பகுதி எந்தக் காலத்தில் கட்டியது என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் வீடு பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஏறிய பிறகு சொந்த வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றுவதற்குக்கூட வீட்டுக்காரர் பிரிவுக்கு வந்து நிற்க வேண்டும். ஆகவே ஊரின் வசதியான குடும்பங்களில் பாதிக்கு மேல் அத்தையைக் கண்டால் ஆகாது. எங்கள் வீட்டில் யாராவது வாடகைக்கு இடம் பார்க்கப் போனால் அத்தையின் பெயரைச் சொல்லி வாயே திறக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

அலுவலகத்தில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளாக ஆக முகத்துக்கு நேராகவே "அங்குலம் மேடம், டீ குடிக்க வரீங்களா?" என்று ஆகிவிட்டது. அத்தைக்கு அதில் வருத்தமில்லை. அரை அங்குலம் என்று கூப்பிட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும் என்பார்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. எந்த நாற்காலியிலும் அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். நான் கீழே நடக்கும் சத்தம் மேலே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் படியிறங்கி வந்து டேப்பை என் கையில் திணித்தார்.

"சும்மா கூடத்தை அளந்துட்டே இருக்க. அதைக் கொஞ்சம் உருப்படியா அள. என் உதவியாளை மாத்தல் பண்ணிட்டானுங்க. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும்."

அப்படித்தான் போனேன். முதல் நாளே திட்டு. டேப்பின் நுனியைச் சுவரில் ஒட்டிப் பிடித்தேன்.

"ஏய், ஏய்! முதல் அடியை யாருடி தொடச் சொன்னது? ஒண்ணுன்னு போட்டிருக்கு பாரு, அங்க பிடி."

பழைய துணி டேப்பில் முதலில் கெட்டுப்போவது நுனிதான். பிய்ந்துபோகும், எண் அழிந்துபோகும், கொக்கி தொளதொளவென்று ஆடும். அதனால் பிரிவில் எல்லோரும் ஒரு அடி குறியைச் சுவரில் வைத்துத்தான் அளப்பார்கள். வரும் எண்ணில் பிறகு ஒன்றைக் கழிக்க வேண்டும். எப்போது கழிப்பது என்பதில் அத்தைக்கு ஒரு கண்டிப்பான விதி: அளக்கும் இடத்தில் டேப் காட்டுவதை அப்படியே எழுத வேண்டும், கழிப்பது அலுவலக மேஜையில் மட்டும். புது இரும்பு டேப் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நுனி கல்லுமாதிரி இருக்கிறது. இருந்தாலும் அத்தை முதல் அடியைத் தொடமாட்டார்.

"இது நல்ல டேப்தானே அத்தை?"

"எனக்குத் தெரியும் நல்ல டேப்னு. என் கைக்குத் தெரியணுமே."

வீடுகளைப் பார்க்கும் விதத்திலும் அவருக்கு இப்படிப் பிடிவாதங்கள் உண்டு. எல்லோரும் முகப்பின் எதிரில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அத்தை வாசலைக்கூடப் பார்க்காமல் நேரே கொல்லைப்பக்கம் போவார். "வீட்டோட வயசை முகத்துல தேடாத. முகப்புங்கறது பணம் வந்தப்புறம் போட்டுக்கற பவுடர்" என்பார். பின்னால் இருக்கும் தாழ்ந்த அறைகள், மெல்லிய செங்கல், கைப்பிடி அகல ஜன்னல்: முதல் வீடு அதுதான். பிறகு தெரு அகலமாகி வண்டிகள் வரத் தொடங்கியதும், வண்டியிலிருந்து இறங்குகிறவர் பார்க்கவென்று முன்னால் தூண்கள் முளைக்கும். பிள்ளைகளுக்குக் குடும்பமானதும் மாடி ஏறும். யாராவது வெளிநாட்டுக் கப்பலில் வியாபாரம் பார்த்தால் அடுத்த வருடமே வண்ணக் கண்ணாடி வரும். கடைசியில் குளியலறை வீட்டுக்குள் வரும். "இந்த வீடுகள்ல நடந்த ஒரே புரட்சி அதுதான். அதைப் பத்தி ஒருத்தனும் எழுதமாட்டான். தூணைப் பத்தியே எழுதிட்டு சாவானுங்க."

எட்டுத்தூண் வீடு என்று ஊரே சொல்லும் வீட்டில் தூண் ஆறுதான். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சுவரில் பூச்சு வேலையால் செய்த பாதித் தூண்கள். இதை அத்தை முப்பத்தோரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். யார் கேட்டார்கள்?

வீட்டுக்காரர் பல் டாக்டர். முன்னறையில் மருத்துவமனை வைத்திருக்கிறார். மேலே வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்தில் நோயாளியின் பல் ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் சிவப்பாகவும் தெரியும். வீட்டைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிப் பத்து வருடமாக மனுப்போட்டுப் போட்டு ஓய்ந்து, இப்போது வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் யோசனைக்கு வந்திருந்தார். அந்த யோசனையைக் கொடுத்தவர் நடை சார். உண்மையில் அவர் கல்லூரியில் ஏதோ பாடம் எடுக்கிறார். ஓய்வு நாட்களில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் குட்டி ஒலிபெருக்கி கட்டி, பழைய தெருக்களில் நடந்து கதை சொல்வதால் அந்தப் பெயர்.

அவர் கதைகளில் மிகவும் பேர் பெற்றது எட்டுத்தூண் வீட்டின் ரகசிய நடைபாதை. படிக்கட்டுக் கூடத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. பிரிவின் பிளானில் அந்தச் சுவரின் கனம் மூன்றரை அடி. வீட்டின் மற்றச் சுவர்களெல்லாம் ஒன்றரை அடி. அப்படியானால் நடுவில் இரண்டடி எங்கே போனது? வீட்டைக் கட்டிய வியாபாரியின் மனைவி அந்த இருட்டுச் சந்தில் நின்று விருந்தினர்கள் பேசும் வியாபார ரகசியங்களை ஒட்டுக்கேட்பாளாம். அவள் மூளையால்தான் குடும்பம் கோடீஸ்வரக் குடும்பமானதாம். கூட்டம் வாயைப் பிளக்கும்.

"வாசலே இல்லாத சந்துக்குள்ள எப்படிப் போவா? அவ என்ன காத்தா?" என்று அத்தை கேட்பார். நடை சார் அதற்கும் பதில் வைத்திருந்தார்: வாசலைப் பிறகு அடைத்துவிட்டார்களாம்.

அத்தையும் அதோடு விட்டுவிட்டார். கதைதானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று. அங்கேதான் வினை.

அத்தை ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தது. ஃபைல்களை ஒப்படைக்கும் வேலை. வியாழக்கிழமை மத்தியானம் நான் அலமாரியிலிருந்து கட்டுகளை இறக்கிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எட்டுத்தூண் வீட்டு ஃபைலில் புதுத்தாள் ஒன்று இருந்தது. விடுதிக்கு வருகிறவர்களுக்கு ரகசியப் பாதையைக் காட்ட, நடுச்சுவரின் கூடத்துப் பக்கம் ஆறடி அகலத்துக்கு உடைத்துத் திறக்க அனுமதி. அடிப்படை: பிரிவின் பிளான். உடன் இணைப்பு: டாக்டரின் இன்ஜினியர் போட்ட கணக்கு. சுவர் இரண்டு தோலாக, அதாவது நடுவில் சந்து விட்ட இரண்டு தனிச் சுவராக இருப்பதால் ஒரு தோலை எடுத்தாலும் மற்றது பாரத்தைத் தாங்கும் என்று கணக்கு சொன்னது. வேலை தொடங்கும் நாள் சனிக்கிழமை.

அத்தை அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு பிளானை விரித்தார். பிறகு எழுந்து போய், தன் மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து அந்தக் காலத்து அளவு நோட்டைத் தேடி எடுத்து வந்தார். நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"என்ன அத்தை?"

அத்தை நோட்டை மூடினார். முகம் வெளிறிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர், "அங்குலம் மேடம், தண்ணி வேணுமா?" என்றார்.

"வேலையப் பாருங்க" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, நோட்டை என் மடியில் வைத்தார்.

"படிக்கட்டுக் கூடம் என்ன எழுதியிருக்கு?"

"பதினஞ்சு அடி. பக்கத்துல சின்னதா ஒரு டிக்."

"மண்டபம்?"

"இருபத்தாறரை. அதுக்கும் டிக்."

"பிளான்ல பதினாலு. இருபத்தஞ்சரை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. அத்தை விளக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்த வீட்டை அளந்தபோது டாக்டரின் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "கூடம் பதினஞ்சு அடிம்மா. எனக்குத் தெரியாதா? நீ என்ன பதினாறுன்னு எழுதற? அளக்கத் தெரியுமா தெரியாதா?" என்று ஒரே நச்சரிப்பு. அவர் வாயை மூடுவதற்காக அத்தை, வாழ்நாளில் முதல் தடவையாக, அளந்த இடத்திலேயே ஒன்றைக் கழித்து எழுதினார். மறக்காமலிருக்க டிக்கும் போட்டார். மறுநாள் மேஜையில் உட்கார்ந்தபோது கை பழக்கப்படி இன்னொரு ஒன்றைக் கழித்துவிட்டது. இரண்டு அறையிலும். வெளிப்பக்க மொத்த அளவு நாற்பத்தாறு அடி, அது சாலைப் பிரிவிலிருந்து கேட்டு வாங்கிய இரும்பு டேப்பில் எடுத்தது, அதில் தப்பில்லை. உள்ளே கூட்டினால் இரண்டடி குறைந்தது. அந்த இரண்டடியை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

"சுவர்ல வெச்சுட்டேன்" என்றார். "கதவு இல்லாத சுவர். கனம் எவ்வளவுன்னு கண்ணால பாக்க முடியாது. பழைய வீட்டோட வெளிச்சுவர் அது, மண்டபம் அப்புறம் ஒட்டவெச்சுக் கட்டினது. கனமாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"திரும்பப் போய் அளந்திருக்கலாமே?"

அத்தை செருப்பைக் கழற்றினார். பிறகு, "அந்த வீட்ல நாய் இருந்துச்சு" என்றார்.

"நாயா?"

"அளந்துட்டு வெளிய வரும்போது கடிச்சிடுச்சு. ஊசி போட்டாங்க. அந்தத் தெருவுப் பக்கமே போக எனக்குப் பயம். போதுமா? பிளான் ஓரத்துல என்ன எழுதினேன் தெரியுமா? இருமுறை சரிபார்க்கப்பட்டது. ஒருமுறைகூட இல்லடி."

எனக்கு எரிச்சலாக வந்தது. அரை அங்குலத்துக்காக என்னை ஒரே சுவரை நான்கு தடவை அளக்க வைத்தவர் இவர். ஒரு நாய்க்காக இரண்டடிச் சந்தைக் கட்டி, அதில் ஒரு வியாபாரியின் மனைவியை முப்பத்தோரு வருடமாக நிற்க வைத்திருக்கிறார். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் எரிச்சல் போய்விட்டது.

"அந்தப் படிக்கட்டு கல்லுடி. கீழ தாங்கறதுக்குத் தூண் கிடையாது. ஒவ்வொரு படியோட ஒரு முனையும் அந்தச் சுவருக்குள்ள சொருகியிருக்கு. அங்க தோலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒன்றரை அடி ஒரே சுவர். ஆறடிக்கு உடைச்சா மேல இருக்கற படியெல்லாம் உடைக்கறவன் தலையிலதான் விழும்."

வெள்ளிக்கிழமை காலை பிரிவுத் தலைவரிடம் போனோம். அத்தையைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்லவர்தான்; தாளைக் கண்டால் மட்டும் நடுக்கம். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், ரெண்டு வாரம். ரெண்டே வாரம். கண்ண மூடிட்டு இருந்தா ஆயிடும்."

"கண்ண மூடினா ஆளு செத்துருவான்."

"அனுமதிய நிறுத்தணும்னா காரணம் எழுதணும். பிளான் தப்புன்னு எழுதினா பிளானை ரத்து பண்ணணும். பிளான் போனா வீடு பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லேன்னா அந்த டாக்டர் அனுமதியே இல்லாம வீட்டை மொத்தமா இடிக்கலாம். அதுக்குத்தான் பத்து வருஷமா மனுப்போடறாரு. அதுமட்டுமா? அந்த டேப்ல அந்த வருஷம் எத்தன வீடு அளந்தீங்க?"

"நாப்பத்தோரு வீடு."

"நாப்பத்தோரு வக்கீல் வருவாங்க." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்குக் குடுக்கற பாராட்டுப் பத்திரத்துல ஒரு பிழையும் இல்லாத பணின்னு அச்சடிச்சாச்சு மேடம்."

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்" என்று அத்தை எழுந்தார். நேரே அந்த வீட்டுக்குப் போனோம். டாக்டர் ஊரில் இல்லை. நாளைக் காலையில்தான் வருவார் என்று உதவியாளர் பெண் சொன்னாள். போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது வாசலில் இருபது பேர் நின்றார்கள். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக. நடை சார் ரகசியப் பாதை திறக்கும் காட்சியைக் காட்ட ஆள் சேர்த்திருந்தார். இடுப்பு ஒலிபெருக்கி கரகரத்தது: "நூறு வருட மௌனம் இன்று உடையப் போகிறது."

கூடத்தில் படிக்கட்டுக்கு நேர் அடியில் மேஸ்திரி நின்றிருந்தார். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஆறடிக் கட்டம். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு கையைக் கட்டி நின்றிருந்தார்.

"டாக்டர், நிறுத்துங்க. என் பிளான் தப்பு. அங்க சந்து கிடையாது. உடைச்சா படியெல்லாம் இவர் தலையில விழும்" என்றார் அத்தை, மூச்சிரைத்தபடி.

டாக்டர் சிரித்தார். "வாங்க மேடம். பத்து வருஷமா ஒவ்வொரு ஆணிக்கும் உங்க பிளானைத்தான காட்டினீங்க? டாக்டர், அங்குலம் பிசகாதுன்னு. இன்னிக்கி என் பக்கம் சாதகமா வந்ததும் பிளான் தப்பாயிடுச்சா?"

"அளந்து காட்டறேன். பத்து நிமிஷம்."

அளந்தோம். கூடம் பதினைந்து. ஓடிப்போய் மண்டபம்: இருபத்தாறரை. அத்தை தரையிலேயே குந்தி உட்கார்ந்து கூட்டிக் காட்டினார். நடுச்சுவர் ஒன்றரை அடி.

"அப்போ பூச்சு தடிமனா இருந்திருக்கும். அப்பா காலத்துல சுரண்டியிருப்பாங்க" என்றார் டாக்டர்.

"ஒரு பக்கம் ஒரு அடிப் பூச்சா? அது பூச்சா, இன்னொரு சுவரா?"

நடை சார் ஒலிபெருக்கியை அணைக்காமலே பேசினார். "மேடம், நான் ஒண்ணு கேக்கறேன். இளம் வயசுல, கண்ணு நல்லா இருந்தப்ப, இருமுறை சரிபார்த்து எழுதினதை நம்பணுமா? இப்ப அவசரத்துல அளந்ததை நம்பணுமா?" கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "உள்ள ஏதோ இருக்கு. அதான் பதர்றாங்க" என்றாள்.

அந்த அம்மாளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. நான் வாய் திறக்கும் முன் அத்தை மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்க தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. கெட்டியாத்தான் கேக்குது" என்றார் மேஸ்திரி. "ஆனா இன்ஜினியர் கணக்குல ரெண்டு தோலுன்னு இருக்கு. காகிதம் சொல்றப்போ என் காது சொல்றது எடுபடுமா?"

"ஆரம்பிங்க மேஸ்திரி" என்றார் டாக்டர்.

அத்தை பையிலிருந்து பிளானை எடுத்தார். மூலப் பிரதி. அதை அவர் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். விரித்து வைக்க மேஜை இல்லை. படிக்கட்டின் மூன்றாவது படியில் விரித்து, என்னை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். 'நடுச்சுவர் கனம் தவறு. பிழை என்னுடையது. இப்பிளானை ரத்து செய்கிறேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"கையெழுத்துப் போட்டவங்க பணியில இருக்கற வரைக்கும் ரத்து பண்ணலாம். எனக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இந்தாங்க டாக்டர். உங்க வீடு பட்டியல்ல இல்ல. உங்க அனுமதிக்கும் அர்த்தமில்ல, உங்க இன்ஜினியர் கணக்குக்கும் அர்த்தமில்ல. இனிமே எங்ககிட்ட எதுவும் கேக்க வேணாம். முழுசா இடிக்கலாம். என்னால தடுக்க முடியாது."

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பத்து வருடம் கேட்டது கையில் இருந்தது. ஒரு நொடி சந்தோஷப்படத்தான் போனார் என்று நினைக்கிறேன்; வாய் பாதி மலர்ந்து நின்றுவிட்டது.

"நிஜமாவா மேடம்?"

"நிஜமா."

"எதுக்கு?"

"உங்க நாய்க்குத்தான்."

"என் நாயா?"

அத்தை புடவையைக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கினார். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நானே பார்த்திராத ஒரு தழும்பு, வெளிறிப்போய், பள்ளம் பள்ளமாக. "அளந்துட்டு வரும்போது கடிச்சுது. அதுக்குப் பயந்துட்டுத் திரும்ப வரல. கணக்கு ரெண்டடி இடிச்சுது. சுவர்ல தள்ளிவிட்டேன். சரிபார்த்தேன்னு பொய் எழுதினேன். அவ்வளவுதான் உங்க ரகசியம்."

"எங்க நாய் யாரையும் கடிக்காது" என்றார் டாக்டர், சின்னப் பையன் குரலில். ஆனால் குனிந்துவிட்டார். கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தழும்பைப் பார்த்தார். வாயைப் பார்க்கிற மாதிரியே தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"இடது பக்கம் கோரைப்பல் பதியல" என்றார் கடைசியில்.

"எனக்கென்ன தெரியும்? நான் அதோட வாயைத் திறந்தா பாத்தேன்?"

"நான் பாத்திருக்கேன். படிக்கட்டுலேர்ந்து விழுந்து அந்தப் பல்லு உடைஞ்சு போச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. இது அதேதான்." எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். தலையை நிமிர்த்தி, மேலே அடுக்கடுக்காக அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கற்படிகளைப் பார்த்தார். பிறகு அவற்றுக்கு நேர் கீழே நின்றிருந்த மேஸ்திரியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துருங்க."

மேஸ்திரி கட்டத்தை விட்டு வேகமாகவே வந்தார். "நான் அப்பவே சொன்னேன், கெட்டின்னு" என்று யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார், எல்லோருக்கும் கேட்டது.

நடை சார் மட்டும் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு சின்ன ஓட்டையாவது போட்டு…"

"உங்க வீட்ல போடுங்க" என்றார் டாக்டர்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. திங்கட்கிழமை பிரிவுத் தலைவர் பாராட்டுப் பத்திரத்தைத் திருத்தி அச்சடிக்கக் கொடுத்தார். புதிதில் 'நேர்மையான பணி' என்று இருக்கிறதாம். அத்தை அதைக் கேட்டு, "பிழை நிறைஞ்சதுன்னு அர்த்தம்" என்றார். வக்கீல்கள் நாற்பத்தோரு பேர் வரவில்லை, ஏழு பேர் வந்திருக்கிறார்கள். மீதி முப்பத்துநான்கு வீட்டிலும் திரும்ப அளந்தாக வேண்டும் என்று உத்தரவு. ஓய்வு பெற்ற பிறகும் அத்தை தினக்கூலிக்கு வந்து அளக்கலாமாம். நடை சார் கதையை மாற்றிவிட்டார். பிரிவு அதிகாரிகள் மிரட்டிச் சந்தை மூட வைத்துவிட்டார்கள் என்று இப்போது சொல்கிறார். கூட்டம் முன்னைவிட அதிகம்.

எட்டுத்தூண் வீடு இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. டாக்டர் நினைத்தால் நாளைக்கே இடிக்கலாம். இடிக்கவில்லை. அத்தையின் கடைசி வாரத்தில் அவரே பிரிவுக்கு வந்து, புதுப் பிளான் போட மனுக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: குறிப்பில் நாயைப் பற்றி எழுதக்கூடாது.

போனோம். அத்தை வழக்கப்படி கொல்லைப்பக்கம் போகத் திரும்பியபோது டாக்டர் வழிமறித்தார். "மேடம், முதல்ல உட்காருங்க." வேறு நாற்காலி கிடைக்காமல், பல் பிடுங்கும் நாற்காலியையே உதவியாளர் பெண்ணோடு சேர்ந்து கூடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தை அதில் நிமிர்ந்து உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்தார். முதுகுப்பக்கம் தானாகச் சாய்ந்துகொண்டே போனது. "இதை யாராவது நிறுத்துங்க!" என்று கத்தினார். டாக்டர் ஓடிவந்து மிதித்து நிறுத்தினார்.

நான் நடுச்சுவரில் டேப்பை வைத்தேன். பார்க்காமலே கை ஒரு அடி குறிக்குப் போய்விட்டது.

"பதினாறு" என்று டாக்டர் மறுமுனையிலிருந்து படித்தார்.

அத்தை எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கழிச்சுட்டியா?"

"நான் எங்க கழிச்சேன்? டாக்டர்தான படிச்சாரு. நீங்க கழிச்சீங்களா?"

"நான் இன்னும் எழுதவே இல்ல. டாக்டர், நீங்க?"

"எதைக் கழிக்கணும்?" என்றார் டாக்டர்.

அத்தை பேனாவை மூடினார். "சுருட்டுடி. முதல்லேர்ந்து அளப்போம்."